சாமிக் கதை, தேவதைக் கதை, படப் புத்தகம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பகுதியில் உள்ள சிறிய நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். புராணம், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை, பைபிள் கதை, பஞ்சதந்திரம், ஐரோப்பிய தேவதைக் கதை எல்லாம் கலந்து வரும். கதை முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் அப்பா அம்மாக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் அவசரமாக அரை பதில் சொல்லி அனுப்புவது எனக்கே மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கியதுமே. இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்தை வாசிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரு படம் உள்ள புத்தகமாக எடுத்து, யானை எங்கே, குரங்கு எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும். நான்கு வயதில் ஒரே மூச்சில் முடிகிற கதை. கட்டம் கட்டமாக வரும் படக்கதையை ஆறு, ஏழு வயதுவரை தள்ளிப் போடலாம். எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது, எந்தப் பேச்சு யாருடையது என்பதெல்லாம் நமக்குப் பழகிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு அது தனியாகக் கற்க வேண்டிய வித்தை.

புத்தகம் வாங்கும்போது படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா?

முதலில் படம். பெரியவர்கள் பலர் பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாத அந்த மூன்று நான்கு வருடங்களில் அது படிப்பது படத்தை மட்டும்தான். நாம் சொல்லும் சொல் மறந்து போகும், படம் மறக்காது.

படம் கதையையே மாற்றிவிடும் என்பதற்கு நிறைய உதாரணம் உண்டு. பைபிளில் ஆதாமும் ஏவாளும் சாப்பிட்டது வெறும் 'கனி'. என்ன கனி என்று அங்கே சொல்லவில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிளாக வரைந்தார்கள். இன்று யாரைக் கேட்டாலும் ஆப்பிள் என்றுதான் சொல்வார்கள். யோனாவை விழுங்கியதும் மூலத்தில் 'ஒரு பெரிய மீன்'தான். படப் புத்தகங்கள் அதைத் திமிங்கலமாக்கிவிட்டன.

நம் பக்கம் வருவோம். லட்சுமி என்றதும் உங்கள் கண்ணுக்குள் என்ன வருகிறது? தாமரை மேல் நிற்கும், சேலை கட்டிய, நிழலும் வெளிச்சமும் உள்ள உடம்போடு ஒரு பெண். அந்தப் படம் நம் வீடுகளுக்குள் வந்ததில் பெரும் பங்கு ரவிவர்மாவுக்கு. 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த வண்ணப் படங்கள் நாடெங்கும் பரவின. பிறகு நம் ஊரில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமிப் படங்கள் காலண்டர்களில் வீட்டுக்கு வீடு தொங்கின. அதற்கு முந்தைய சோழர் கால வெண்கலச் சிலைகளில் இருக்கும் லட்சுமிக்கு இந்த முகம் கிடையாது, இந்தச் சேலைக்கட்டும் கிடையாது. இன்றைய படக்கதைகளில் பெரும்பாலானவை காலண்டர் முகத்தையே திரும்பத் திரும்ப வரைகின்றன. அது தப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு அது ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் எனக்கு வருத்தம்தான்.

கடையில் நான் செய்வது இது: எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நான்கு பக்கம் புரட்டுவேன். யாருக்குக் கோபம், யாருக்குப் பயம், எந்த இடத்தில் நடக்கிறது என்று படமே சொல்லிவிட்டால் எடுத்துக்கொள்வேன். எல்லா முகமும் ஒரே முகமாக, கிரீடம் மட்டும் மாறியிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன்.

என் பிள்ளை "அசுரன் ஏன் கறுப்பா இருக்கான்?" என்று கேட்கிறான். என்ன சொல்ல?

இந்தக் கேள்வி எனக்கு வீட்டிலேயே வந்தது. என் மகளுக்கு நாலரை வயது. ஒரு பழைய படக்கதையைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அரக்கியின் படத்தில் விரலை வைத்து, "இவ என் கலர்" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. தன்னைப் போல ஒருத்தி புத்தகத்தில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நல்லவர்கள் சிவப்பு, கெட்டவர்கள் கறுப்பு என்று வரைவது ஒரு புத்தகத்தோடு நிற்கிற பழக்கம் அல்ல. பல பதிப்பகங்களில் பல பத்தாண்டுகளாக நடந்துவருவது. நம் பழைய இலக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காட்டுக்குப் போகும் ராமனைக் கம்பர் பார்க்கிறார்: 'மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ' என்று உவமை தேடித் தவித்து, கடைசியில் 'ஐயோ' என்று கை விட்டுவிடுகிறார். மையும் மழைமேகமும் என்ன நிறம்? கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பன் என்றுதான் பொருள். பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டு, அவள் நிறத்தால் வந்த பெயர். கறுத்த நாயகர்களை அச்சு ஓவியங்கள் வெளிர் நீலமாக்கின. நாயகிகளை ரோஜா நிறமாக்கின.

பிள்ளையிடம் இதை அப்படியே சொல்லலாம். "இதை வரைந்தவர் அப்படி வரைந்துவிட்டார். ராமரும் கறுப்புதான், பாஞ்சாலியும் கறுப்புதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளும் கிரேயான் பெட்டியும் கொடுங்கள். என் மகள் வரைந்த கறுப்பு ராமர் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறார்.

அமர் சித்திர கதா வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். எட்டு வயதுக்கு மேல், அதை மட்டுமே கொடுக்காமல்.

1967இல் அனந்த் பை தொடங்கிய படக்கதை வரிசை அது. தில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் கிரேக்கக் கடவுள்களைப் பற்றிப் பளிச்சென்று பதில் சொன்ன பிள்ளைகளுக்கு, ராமனின் அம்மா பெயர் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் பத்து இதழ்கள் மேற்கத்திய தேவதைக் கதைகள். ராம் வயீர்கர் வரைந்த கிருஷ்ணர் கதை பதினோராவது எண்ணோடுதான் வந்தது. முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லி முடிப்பது சாதாரண வேலை அல்ல. கதையின் எலும்புக்கூடு பிள்ளைக்குத் தெளிவாகக் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. நிறம் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் தியாகம் செய்பவர்களாகவே வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், 'இப்படித்தான் நடந்தது' என்று ஒரே குரலில் முடித்துவிடுகிறது. பக்கத்திலேயே வேறொரு புத்தகம் இருந்தால் இந்தக் குறை பாதி தீர்ந்துவிடும். சென்னை தாரா பதிப்பகம் 2011இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த சீதையின் ராமாயணம் ஒன்று இருக்கிறது. சம்ஹிதா ஆர்னி எழுத, வங்காளத்தின் பட்டுவா சுருள் ஓவியம் வரையும் மொய்னா சித்ரகார் படம் போட்டது. போரை அங்கே சீதையின் கண்ணால் பார்க்கிறோம். பட்டுவா ஓவியர்களில் மிகப் பலர் முஸ்லிம்கள். சுருளை அவிழ்த்து, பாட்டுப் பாடி, ராமாயணக் கதை சொல்வது அவர்களுடைய பரம்பரைத் தொழில். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் இருப்பது எங்கள் பாட்டி சொன்ன கதை மாதிரி இல்லையே. எது சரி?

இரண்டும் சரி. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் அணிலைப் பற்றிப் பேசுவேன். ராமர் சேது கட்டும்போது அணில் உதவியது, ராமர் முதுகில் தடவிக் கொடுத்தார், மூன்று கோடு விழுந்தது. நம் ஊரில் இது தெரியாத பிள்ளை இல்லை. வால்மீகியில் தேடினால் அணில் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலையைத் தள்ளிக்கொண்டிருக்க, அணில்கள் நீரில் குளித்து, புரண்டு, ஓடிக் கடலை அடைக்கப் பார்த்தன. அந்தக் கள்ளமில்லாத அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் அழுகிறார். முதுகுக் கோடு அந்தப் பாசுரத்தில் கிடையாது. அதைச் சேர்த்தவர் யாரோ ஒரு பாட்டி என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

லட்சுமணன் கிழித்த கோடும் அப்படித்தான். வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. பின்னால் வந்த சொல்முறைகளில் வளர்ந்தது. இன்று அந்தக் கோடு இல்லாத படப் புத்தகத்தைப் பார்ப்பதே கஷ்டம். வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் ராவணன் அவளைத் தொடாமல், குடிசையோடு தரையையே பெயர்த்து எடுத்துப் போகிறான். ஒரு புத்தகத்தில் அவள் கூந்தல் பிடிபட்டிருக்கும், இன்னொன்றில் குடிசை பறக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து "எது உனக்குப் பிடிக்குது?" என்று கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகூட காரணத்தோடு பதில் சொல்லும்.

பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால், புத்தகத்தை அவர் கையில் கொடுத்து "நீங்க சொல்லுங்கம்மா" என்று ஒதுங்கிவிடுங்கள். படத்தைப் பார்த்துக்கொண்டு அவர் தன் கதையைத்தான் சொல்வார்.

வெட்டு, குத்து, ரத்தம் வரும் இடங்களைத் தாண்டிவிடலாமா?

பிள்ளையைப் பொறுத்தது. ஆனால் எல்லாப் பயத்தையும் உருவிவிட்டால் கதையில் ஒன்றும் மிஞ்சாது. நரசிம்மர் தூணிலிருந்து வரும் பக்கத்தில் பிள்ளை நம் மடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தையே மறுபடி மறுபடி காட்டச் சொல்லும். மடி இருக்கிறவரை அந்தப் பயம் நல்லதுதான்.

கதையைப் பிள்ளைகளுக்காக மாற்றுவது புதிய பழக்கமும் அல்ல. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுதி பெரியவர்களுக்கும் ஆய்வாளர்களுக்குமானது, படமே இல்லை. பனிவெண்ணிலாளை, அதாவது ஸ்னோ ஒயிட்டை, கொல்லச் சொன்னது அதில் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை ஹான்சல், கிரெட்டல் கதையிலும் பெற்றவள் பின்னால் சிற்றன்னையானாள். 1825இல் ஐம்பது கதைகளை மட்டும் பொறுக்கி, அவர்களுடைய தம்பி லுட்விக் எமில் கிரிம் வரைந்த ஏழு படங்களோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான். பெற்ற தாய் கெட்டவளாக இருக்க முடியும் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. பழி முழுக்க சிற்றன்னை தலையில் விழுந்தது. வீட்டில் சித்தி இருக்கும் பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைகளை நான் எடுப்பதில்லை.

சில கதைகளுக்குக் காத்திருக்க வேண்டும். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் தன் மகனையே அறுத்துச் சமைக்கும் கதை அப்படி. கடைசியில் "சீராளா" என்று கூப்பிட்டதும் பிள்ளை ஓடி வருகிறான். ஆனால் ஐந்து வயதுக்காரன் அந்தக் கடைசி வரியைக் கேட்கவே மாட்டான்; அப்பா கத்தியை எடுத்த இடத்திலேயே நின்றுவிடுவான். ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கப் போகும் கதைக்கும் இதையே சொல்வேன். பத்து வயதுக்கு முன் வேண்டாம்.

வெளிநாட்டு தேவதைக் கதைகள் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

நல்ல கதை என்பதற்காக. சிண்ட்ரெல்லாவை ஐரோப்பாவின் சொத்து என்று நினைக்கிறோம். பெரோ 1697இல் பிரெஞ்சில் எழுதிய கதையில்தான் கண்ணாடிச் செருப்பு வருகிறது. அதற்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றில் யே சியன் என்ற பெண் இருக்கிறாள்: சிற்றன்னை கொடுமை, உதவி செய்யும் மீன், தொலைந்து போன தங்கச் செருப்பு எல்லாம் உண்டு. கதைகள் வெகுகாலமாக ஊர் சுற்றுகின்றன. நம் பஞ்சதந்திரம் எட்டாம் நூற்றாண்டிலேயே அரபியில் கலீலா வ திம்னாவாகி, படம் வரைந்த ஏடுகளாகப் பல நாடுகளில் உலவியது. தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையில் எழுதிய பஞ்சதந்திரம் மராத்தி வழியாக வந்தது.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: சினிமாவிலிருந்து எடுத்த புத்தகமா, கதையிலிருந்து எடுத்ததா? ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடல்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதில்லை. அவள் கடல் நுரையாகி, காற்றின் மகள்களோடு சேர்கிறாள். அதைக் கல்யாணத்தில் முடிக்கும் புத்தகங்களை நான் வாசிப்பதில்லை. இதே கதைக்கு மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம் படம் வரைந்து தாரா பதிப்பகம் ஒரு புத்தகம் போட்டது. டென்மார்க் கடல்கன்னி கோண்டு மீன்களோடு நீந்துவதைப் பிள்ளைகள் கொஞ்சமும் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ரஷ்யக் கதைகளும் தேடிப் பாருங்கள். பாபா யாகா என்ற சூனியக்காரி உரலில் உட்கார்ந்து, உலக்கையால் தள்ளிக்கொண்டு பறப்பாள். பாட்டி வீட்டில் உரலைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். இவான் பிலிபின் என்ற ஓவியர் நூற்றிருபது வருடத்துக்கு முன் அந்தக் கதைகளுக்கு வரைந்த காட்டை நான் இன்னும் கண் எடுக்காமல் பார்க்கிறேன்.

வேறு மதக் கதைகளை வாசிப்பது வீட்டில் குழப்பம் உண்டாக்காதா?

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். இதுவரை ஒரு பிள்ளையும் குழம்பவில்லை. நோவாவின் பேழையில் யார் யார் ஏறினார்கள் என்று அடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாசிப்பவருக்குச் சில மரியாதைகள் தெரிந்திருக்க வேண்டும். இஸ்லாமியப் பிள்ளைகளுக்கான புத்தகங்களில் நபிமார்களின் உருவத்தை வரைவதில்லை. பாலைவனம், ஒட்டகம், வானம், பறவைகள் இவற்றாலேயே கதை நகரும். சுலைமான் நபியின் படை வருவதைப் பார்த்த எறும்பு, "புற்றுக்குள் போய்விடுங்கள்" என்று மற்ற எறும்புகளை எச்சரிக்கும் கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டு அவர் புன்னகைக்கிறார். எறும்பின் உயரத்திலிருந்து வரைய ஓவியருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? அந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது "நபி எப்படி இருப்பார், நீ வரை" என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். எறும்பை வரையச் சொல்லுங்கள்.

ஜாதகக் கதைகள் எந்த வீட்டுக்கும் ஒத்துப்போகும். பாலி மொழித் தொகுப்பில் 547 இருக்கின்றன. குரங்கு, மான், ஆமை என்று பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைகளாகவே இருப்பதுபோலத் தோன்றும்.

கடைசியில் 'இக்கதையால் அறியும் நீதி' என்று இருக்கிறதே, வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை ஏதாவது கேட்கும்.

தமிழில் என்ன கிடைக்கிறது?

தேவையைவிடக் குறைவுதான். சென்னையின் துலிகா பதிப்பகம் 1996லிருந்து ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் படப் புத்தகம் போடுகிறது. நாட்டார் கதைகள் அவர்களிடம் நன்றாக இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம்.

பழைய அம்புலிமாமா எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. மூலத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமா நூற்றுக்கணக்கில் சொன்னது. தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் மயானம் என்று விக்கிரமாதித்தனை நம் கண்ணில் நிறுத்தியவர் ஓவியர் சங்கர். 1924இல் பிறந்து 2020இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ வந்தது. அந்த ஒரு படத்தை எத்தனை தலைமுறை பயந்துகொண்டே பார்த்திருக்கிறது!

மொழிபெயர்ப்பை வாங்கும் முன் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டினால் வேண்டாம். 'அவள் அவனால் பார்க்கப்பட்டாள்' போன்ற வாக்கியம் இரண்டு வந்தாலே மூடிவிடலாம். படம் ரொம்ப நன்றாக இருந்தால் வாங்குங்கள், எழுத்தை விட்டுவிட்டு உங்கள் தமிழில் சொல்லுங்கள்.

புத்தக விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

நூலகம் இருக்கிறது. அப்புறம், கோயில் இருக்கிறது. கும்பகோணம் நாகேஸ்வரர் கோயிலில் ராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அளவுக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதே ஊர் ராமசாமி கோயில் பிராகாரச் சுவரில் ராமாயணம் வரிசையாக ஓவியமாக ஓடுகிறது, நடந்துகொண்டே படிக்கலாம். பக்கத்தில் தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் சிற்ப வரிசையாக இருக்கின்றன. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். என் மகள் நாகேஸ்வரர் கோயிலில் குனிந்து உட்கார்ந்து, "அப்பா, இது கட்டம் போட்ட புத்தகம்" என்றாள்.

சாமிப் படத்தில் கிரேயானால் கிறுக்கிவிட்டாள். திட்டலாமா?

வேண்டாம். முருகருக்கு மீசை வைத்த பிள்ளை முருகரோடு பழகத் தொடங்கிவிட்டது. கிழிந்த பக்கத்தை மைதா பசை போட்டு ஒட்டுங்கள், பிள்ளையும் கூட உட்கார்ந்து ஒட்டட்டும்.

"இது நிஜமா நடந்துச்சா?" என்று கேட்டால்?

ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பிக்கை வேறு, அதனால் உங்கள் பதிலை நான் சொல்ல முடியாது. நூலகத்தில் என்னைக் கேட்கும்போது, "ரொம்ப காலமாகச் சொல்லிக்கிட்டு வர்றாங்க. உங்க வீட்டுல என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்பேன். போன மாதம் ஒரு பையன் அப்படிப் போய்க் கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு நான் புத்தகத்தை எடுக்கவில்லை. பாயைத் தாத்தாவுக்குத் தள்ளிப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அவர் சொன்ன அணிலுக்கு நான்கு கோடு.